படம் எடுத்தவர் வைத்திருக்கும் பாக்கி



நினைவுச் சொற்பொழிவு என்றால் கோட்பாடு ஏதாவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர் தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, போட்டோ கொடுக்கிறதப் பத்தியா ஒரு மணி நேரம் பேசப் போறீங்க?" ஆமாம், அதைப் பற்றித்தான்.

எனக்குப் பின்னால் இருக்கும் பதாகையைப் பாருங்கள். யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரின் முகம். ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தவர். சேரி சேரியாகப் போய்ப் பேசியவர். போன இடமெல்லாம் யாரோ ஒருவர் அவரைப் படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தார். அவர் இறந்த இரவு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஒரு படம் வேண்டும் என்று வீட்டில் கேட்டோம். இல்லை. அவருடைய துணைவியார் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வாக்காளர் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைச் செல்பேசியில் எடுத்துப் பெரிதாக்கியதுதான் இந்தப் படம். இடது கன்னத்தின் மேல் ஒரு வளைந்த கோடு தெரிகிறதல்லவா, அது தழும்பு அல்ல. அட்டையில் ஒட்டியிருந்த ஹாலோகிராமின் விளிம்பு. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கோட்டோடுதான் அவரை நினைவுகூர்கிறோம்.

அவரை எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் எங்கே போயின? எடுத்தவர்களிடம் இருந்தன. நானும் அவர்களில் ஒருத்தி.

நம்முடைய மக்களின் வீடுகளில் இருக்கும் படங்களை ஒரு சமூகவியல் மாணவியின் கண்ணோடு எண்ணிப் பாருங்கள். சுவரில் அண்ணல் அம்பேத்கர் இருப்பார். சில வீடுகளில் இமானுவேல் சேகரனோ இரட்டைமலை சீனிவாசனோ இருப்பார்கள். ஒரு கல்யாணப் படம் இருக்கலாம். மற்றபடி ஒரு வயதான அம்மாவின் முகம் பதிவாகியிருக்கும் இடங்கள் எவை? ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை. எல்லாமே அரசாங்கம் தன் தேவைக்காக எடுத்த படங்கள். அந்த அம்மா தனக்காக எடுத்துக்கொண்ட படம் அந்த வரிசையில் கிடையாது.

நூறு நாள் வேலையை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். 2021இல் என்.எம்.எம்.எஸ். என்ற செயலி வந்தது. தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் போக மற்ற எல்லாப் பணியிடங்களிலும் 2023 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதிவாகும்படி, வேலை செய்கிறவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலியே கேள்விக்குறியாகிவிடும். இந்தியாவில் இவர்களைப் போல இத்தனை முறை படமெடுக்கப்பட்டவர்கள் சினிமாக்காரர்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதில் ஒரு படம்கூட அவர்கள் கைக்கு வராது. வந்தாலும் வைத்துக்கொள்ளும் தரத்தில் இருக்காது என்பது வேறு விஷயம்.

இது புதிய பழக்கமும் அல்ல. 1868க்கும் 1875க்கும் இடையில் 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளைப் பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. ஒவ்வொரு சாதிக்கும் பழங்குடிக்கும் மாதிரி காட்டும் படங்கள். 1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குழுகுழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். 1909இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்தவர் அவர். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. பெயர் எழுதாத படத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுக்கும் எண்ணம் இருந்திருந்தால் பெயரைக் கேட்டிருப்பார்கள். படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தே அது யாருக்காக எடுக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

காலனிய அதிகாரிகளை விடுங்கள், ஏழைகளின் பக்கம் நின்று எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? 1936இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில், டொரோத்தியா லாங்கே ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தார். 'இடம்பெயர்ந்த தாய்' என்ற அந்தப் படத்தைப் பாடப்புத்தகத்திலாவது பார்த்திருப்பீர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின் முகமே அதுதான் என்பார்கள். லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1978இல்தான், அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பூர்வகுடியைச் சேர்ந்தவர் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அப்போது அவர் சொன்ன குறைகளில் ஒன்று: படத்தின் பிரதி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவே இல்லை. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னார். ஆனால் பிரதி வரவில்லை என்பதை நாற்பது ஆண்டுகள் மறக்காமல் வைத்திருந்தார் பாருங்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுக்கப்பட்ட பச்சைக் கண் ஆப்கன் சிறுமி ஷர்பத் குலாவின் கதையும் இதுதான். அவர் முகம் 1985இல் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்து உலகமெல்லாம் சுற்றியது. அவர் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 2002இல்.

மற்றவர்களைக் குறை சொன்னது போதும், என் கணக்குக்கு வருகிறேன்.

2009. வடமாவட்டக் கிராமம் ஒன்றில் சுடுகாட்டுப் பாதைத் தகராறு. சேரியிலிருந்து பிணத்தை எடுத்துப்போன வழியை மறித்து அடித்திருந்தார்கள். உண்மை அறியும் குழுவில் நானும் போனேன். ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா, அதுவும் இரவல். அடிபட்டவர்களில் ஒரு ஆயா, நெற்றியில் கட்டுப் போட்டிருந்தார். திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன். நான் எடுக்கப்போகும் நேரம் பார்த்து அவருடைய இளைய மகன் ஓடிவந்து பக்கத்தில் நின்று, அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத எனக்குக் குடுப்பியா பாப்பா?" கட்டாயம் கொடுக்கிறேன் ஆயா என்றேன். அந்த நிமிடத்தில் உண்மையாகவே கொடுக்கும் எண்ணம் இருந்தது.

அறிக்கை தயாரானது. அட்டைப்படமாக ஆயாவைப் போட முடிவு செய்தோம். மகன் சிரிக்கிறான், வன்கொடுமை அறிக்கையின் அட்டையில் சிரிப்பு எப்படி? வெட்டிவிட்டோம். கணினியில் உட்கார்ந்து வெட்டியது நான்தான். வெட்டியதை அதே கோப்பின் மேலேயே சேமித்தேன். கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் மெமரி கார்டையும் துடைத்துவிட்டேன். அறிக்கை பேசப்பட்டது. வழக்குக்கும் உதவியது.

மூன்று ஆண்டுகள் கழித்து ஆயாவின் மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தார். "எக்கா, எங்க தம்பி செத்துட்டான், சென்னையில கட்டட வேலையில. அன்னிக்கு நீங்க அம்மாவோட வச்சு ஒரு போட்டோ எடுத்தீங்கல்ல? அது இருக்குமாக்கா? காரியத்துக்கு மாலை போட ஒரு படம்கூட இல்ல." மூன்று நாள் தேடினேன். பழைய கணினி, சிடிக்கள், தோழர்களின் பென்டிரைவ்கள் எல்லாம் பார்த்தேன். வெட்டப்பட்ட படம்தான் எல்லா இடத்திலும் இருந்தது. இல்லை என்று சொல்வதற்கு நேரில் போனேன்.

ஆயா அந்த அறிக்கையை வைத்திருந்தார். யாரோ கொடுத்திருக்கிறார்கள், நான் கொடுக்கவில்லை. அட்டையை விரித்து என்னிடம் காட்டினார். அவருடைய வலது தோளில், படத்தின் ஓரத்தில், மூன்று விரல்கள் இருந்தன. வெட்டும்போது நான் கவனிக்காமல் விட்ட விரல்கள். "இது அவன் கைதான்" என்றார். என்னைத் திட்டவில்லை. காபி போட்டுக் கொடுத்தார்.

தோழர்களே, பார்வை, பிரதிநிதித்துவம், மற்றமை என்றெல்லாம் நான் முதுகலையில் படித்திருந்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்தப் படிப்பு எதுவும் ஒரு பையனின் சிரிப்பை வெட்டும்போது என் கையைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், எடுத்த படங்களைக் கொடுப்பதை ஒரு வேலையாகச் செய்ய ஆரம்பித்தேன். செய்யும்போதுதான் அதற்குள் எத்தனை சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தது. அவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன், களத்துக்குப் போகும் மாணவர்களுக்குப் பயன்படும்.

முதலில் பெயர். படம் எடுத்தவுடன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்: அவர் சொல்லும் பெயர், தெருவில் எல்லோரும் கூப்பிடும் பெயர், அம்மா அல்லது அப்பா பெயர், ஊர், தெரு, தொலைபேசி எண். அந்த எண் யாருடையது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் நம் பெரியம்மாக்கள் பலருக்குச் சொந்தச் செல்பேசி கிடையாது. மகனுடைய எண்ணோ பேத்தியுடைய எண்ணோதான் கிடைக்கும், அதுவும் ரீசார்ஜ் செய்யாமல் ஆறு மாதத்தில் வேறு ஒருவருக்குப் போய்விடும். எழுதிய பக்கத்தையும் அடுத்த படமாக எடுத்துவிடுங்கள். முகமும் பெயரும் கார்டுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்துவிடும், நோட்டுத் தொலைந்தாலும் கவலையில்லை. கூட்டமாக எடுத்தால் இடமிருந்து வலமாகப் பெயர். வீட்டுக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது, எனக்கு ஒரு முறைகூட நடந்ததில்லை.

அடுத்து, எதில் கொடுப்பது? இன்றைக்கு எல்லோரும் சொல்வது, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் என்பது. அனுப்புவது வேறு, கொடுப்பது வேறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும். செல்பேசித் திரையில் பளிச்சென்றுதான் தெரியும். நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிட்டாலும் ஒப்பேறும், அதற்கு 1800க்கு 1200 புள்ளிகள் அளவு இருந்தால் நன்றாகவே வரும். ஆனால் அதையே பன்னிரண்டுக்குப் பதினெட்டாகச் சட்டம் போட்டு மாட்டப் போனால் முகம் கலைந்துவிடும். காரியத்துக்குக் கேட்பது அந்த அளவுதான். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும். சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது நாளுக்குள் அந்தச் செல்பேசி இணையத்துக்கு வரவில்லை என்றால் அனுப்பியது அழிந்துவிடும். போய்ச் சேர்ந்தாலும், செல்பேசி நிரம்பிவிட்டது என்று பேரன் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் படம் போனது போனதுதான்.

அதனால் காகிதம். ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகும் செலவில் ஒரு படம் அச்சாகிவிடும். ஸ்டுடியோ லேபில் போடுங்கள். கடைகளில் இருக்கும் இங்க் பிரிண்டர் படம் மழைத் தண்ணீர் பட்டால் கரையும், நம் வீடுகளில் மழை எங்கே ஒழுகும் என்று நமக்குத் தெரியும். படத்தை எரவாணத்தில் செருகி வைப்பார்கள், அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார்கள், பிள்ளையின் மார்க் ஷீட்டோடு வைப்பார்கள். எங்கே வைத்தாலும் தாங்க வேண்டும். படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், தேதி, ஊர் எழுதிக் கொடுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும், சில மை ஊறும்.

ஒருவர் ஒரு பிரதி என்பதில் கறாராக இருங்கள். ஆறு பெண்கள் நிற்கும் படத்தை ஒரே பிரதி போட்டு ஊர்த் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் அது கிடைக்காது. ஒரு கிராமத்தில் நான் அப்படிக் கொடுத்த படம் மன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. அந்தக் கட்டடத்துக்குள் பெண்கள் போவதில்லை.

எந்தப் படத்தைக் கொடுப்பது என்பதில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. முதல் முறை அச்சிட்டுக்கொண்டு போனபோது எனக்குப் பிடித்த படங்களைக் கொண்டுபோனேன்: கறுப்பு வெள்ளை, சுருக்கம் விழுந்த முகம், வெடித்த பாதம், ஓலைக் கீற்றின் வழியாக விழும் வெளிச்சம். ஒரு பெரியம்மா வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, என்னைப் பிச்சைக்காரி மாதிரி எடுத்திருக்கிறியே" என்றார். அந்தப் படம்தான் பிறகு ஒரு பத்திரிகையில் வந்து எனக்குப் பாராட்டு வாங்கித் தந்தது! அவர் உள்ளே போய்ச் சேலை மாற்றி, தலை சீவி, பேரனின் சட்டைக்குப் பொத்தான் போட்டு, வாசலில் நேராக வந்து நின்றார். கைகள் இரண்டும் பக்கவாட்டில். கால் முதல் தலை வரை தெரிய வேண்டும் என்றார், புதுச் செருப்பு போட்டிருந்தார். செருப்போடு நடக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட தெருக்களின் வரலாறு தெரிந்த நமக்கு அந்தச் செருப்பைப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

நம் சுவரில் இருக்கும் அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். கோட்டு, டை, கண்ணாடி, கையில் புத்தகம். அவர் பட்ட அவமானங்களைச் சொல்லும் படத்தையா மக்கள் மாட்டிவைத்திருக்கிறார்கள்? நிமிர்ந்து நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எது நல்ல படம் என்பதைப் பற்றி ஒரு முடிவு நம் மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கலைப்படம் எடுக்கப் போகிறவர்கள்தான் அதைக் கேட்பதில்லை. சோகமான படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் சாவையும் அவர்கள் வீட்டு அழுகையையும் எடுத்தவர். அந்தப் படங்கள் இல்லாமல் அந்தச் சாவுகளைப் பற்றி நாம் பேசியிருக்கவே மாட்டோம். நான் சொல்வது, நமக்காக ஒன்று எடுத்தால் அவர்களுக்காக ஒன்று எடுங்கள். அவர்கள் கேட்கிறபடி எடுங்கள். பின்னணியில் பூப்போட்ட போர்வை கட்டச் சொன்னாலும் கட்டுங்கள்.

கொடுக்கக் கூடாத நேரங்களும் உண்டு. சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு அடைக்கலத்தில் இருக்கும் இணையரை எடுத்தால், அந்தப் படம் எந்தச் செல்பேசிக்கும் போகக் கூடாது. மூலக்கோப்பில், செல்பேசியில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். நான் சற்றுமுன் சொன்ன டாக்குமென்ட் வழியில் அனுப்பினால் அப்படியே கூடப் போகும். தரம் வேண்டும் என்று அனுப்பிய படமே தேடிவருகிறவர்களுக்கு வழிகாட்டிவிடும். அப்படிப்பட்ட களத்துக்குப் போகும்போது கேமரா செயலியில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுப் போங்கள். அச்சிட்ட படத்தைக் கையில் கொடுங்கள், அதுவும் அவர்கள் கேட்டால். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இருக்கிறது. நீதி கேட்கும் சுவரொட்டி என்பதால் அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்று நினைக்கும் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இளம்பெண்களின் படம் தனிச் சிக்கல். வீட்டுக்கு ஒரே செல்பேசி, அது அண்ணன் கையில். பயிற்சி முகாமில் பையன்களோடு சேர்ந்து நின்று சிரிக்கும் படத்தை அந்த எண்ணுக்கு அனுப்பி, ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு நிற்கும் நிலைக்குப் போனது. நான் போய்ப் பேசி, நல்லவேளையாகத் தொடர்ந்தது. யாருடைய படமோ அவரைக் கேட்டு, அவர் சொல்லும் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இறந்தவரின் உடலை எடுத்த படம். பிணவறை வாசலில் நாம் எடுக்கிறோம், வழக்குக்கு வேண்டும் என்று. பிறகு ஒரு நாள் தாய் கேட்கிறார், அந்தப் படத்தைக் கொடு என்று. கொடுக்கலாமா? தோழர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு. காயத்தைப் பார்த்துப் பார்த்து அவர் நொந்துபோவார், கொடுக்காதே என்பவர்கள் உண்டு. என் முடிவு, கொடுக்க வேண்டும். அவருடைய பிள்ளை, அவர் தீர்மானிக்கட்டும். செல்பேசியில் அனுப்பக் கூடாது. அச்சிட்டு, உறையில் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி, வீட்டில் வேறு ஒருவர் உடனிருக்கும்போது கொடுக்க வேண்டும். அதோடு, உயிரோடு இருந்தபோது எடுத்த படம் எங்காவது கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்துக் கொன்றார்கள். எண்ணிக்கை நம் எல்லோருக்கும் மனப்பாடம். அவர்களில் ஒருவர் உயிரோடு இருந்த முகத்தையாவது நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

படம் கொடுப்பது வழக்குக்கும் உதவும் என்பதைச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வீடுகளைக் கொளுத்திய பிறகு, உள்ளே என்ன இருந்தது என்று காட்ட அந்தக் குடும்பத்திடம் எதுவும் இருப்பதில்லை. நீங்கள் ஒரு ஆண்டுக்கு முன்பு பொங்கலுக்குப் போய் எடுத்த படத்தில், சிரிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால், பீரோவும் தையல் மிஷினும் தெரியும். இழப்பீடு கேட்கும்போது அது சாட்சி. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். எடுத்த கருவி எது, யார் எடுத்தது என்று சொல்ல ஆள் வேண்டும். பத்துக் கை மாறிச் சுருங்கி வந்த வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்வது கடினம். ஆகவே அவர்களுக்குப் பிரதி கொடுத்தாலும் மூலக்கோப்பைத் தொடாமல், வெட்டாமல், இரண்டு இடத்தில் வைத்திருப்பது எடுத்தவரின் கடமை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: நாம் இயக்கமா, ஸ்டுடியோவா? தொண்டு நிறுவனங்கள் செய்யும் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்? தொண்டு நிறுவனங்கள் இதைச் செய்வதை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஆண்டறிக்கையை அச்சிடுவார்கள். இதைத் தொண்டு என்று நினைப்பதே தவறு, இது பாக்கி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், படம் எடுத்தவருக்கே உரிமையைக் கொடுக்கிறது. படத்தில் இருப்பவருக்கு அதில் பங்கில்லை. உழைப்பவருக்கு விளைச்சலில் பங்கில்லை என்ற ஏற்பாட்டை எதிர்க்கிறோம் நாம். முகம் கொடுத்தவருக்குப் படத்தில் பங்கில்லை என்ற ஏற்பாட்டை மட்டும் எப்படிச் சும்மா ஏற்றுக்கொள்கிறோம்? தமிழில் படம் 'எடுக்கிறோம்' என்கிறோம், 'பிடிக்கிறோம்' என்கிறோம். எடுத்ததைக் கொடுப்பதற்கும் பிடித்ததை விடுவதற்கும் நம் பேச்சில் ஒரு சொல் இன்னும் புழங்கவில்லை. (படம் கொடுப்பதையே இன்னொரு படமாக எடுத்து முகநூலில் போட்ட தோழர் ஒருவரும் இந்த அரங்கில் இருக்கிறார். அவருக்கே தெரியும்.)

திரும்பிப் போய்க் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. முதல் முறை போகும்போது ஜீப், குழு, வழக்கறிஞர், நோட்டு, கேமரா என்று போகிறோம். இரண்டாம் முறை படங்களோடு போகும்போது தனியாகப் பேருந்தில் இறங்கி நடக்கிறோம். கேட்க நம்மிடம் கேள்வி எதுவும் இருக்காது. அவர்கள் கேட்பார்கள். வழக்கு என்ன ஆயிற்று? பட்டா கிடைக்குமா? அன்றைக்கு அத்தனை பேர் வந்தீர்களே, அப்புறம் ஏன் ஒருவரும் வரவில்லை? பதில் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். படம் கொடுக்கப் போகாமல் தட்டிக்கழிப்பதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்கிறோம். என் விஷயத்தில் உண்மையான காரணம் இந்தத் திண்ணைதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப் போன இடங்களில்தான் என் நோட்டு நிறைந்திருக்கிறது. படத்தை வாங்கிப் பார்ப்பவர்கள் அதில் இருக்கும் மற்றவர்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இவன் துபாய் போயிட்டான், இவ பிள்ளை நர்ஸிங் படிக்குது, இந்த வேப்பமரத்த வெட்டிட்டாங்க, இந்த ஆளுதான் அன்னிக்கு மொதல்ல கல்ல விட்டது, போலீஸ்ல இவன் பேர எழுதவே இல்ல. நேர்காணலில் வராத செய்தி படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. ஆய்வு மாணவர்களே, தரவு கிடைக்கும் என்பதற்காகப் படம் கொடுக்கப் போகாதீர்கள், அது தெரிந்துவிடும்.

என்னிடம் இன்னும் கொடுக்காத படங்கள் இருக்கின்றன. நோட்டில் எண்ணிப் பார்த்தேன், 61 பேர். இவர்களில் ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள் என்று தெரியும், அவர்களுடைய படங்களைப் பெரிய அளவில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துக்கொண்டு வருகிறேன். பதினான்கு பேருக்குப் பெயர் இல்லை, வெறும் முகம்தான். பெயர் கேட்கப் பழகுவதற்கு முன்பு எடுத்தவை.

இனி நடைமுறை விஷயம். போன ஆண்டு இதே அரங்கில் எடுத்த படங்களையும், நான் சொன்ன அந்தப் பதினான்கு படங்களையும் அச்சிட்டு அரங்கின் பின்பக்கம், புத்தக மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் படம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் எதுவும் வேண்டாம். உங்கள் ஊர்க்காரர் படம் இருந்தால் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போங்கள், கொடுத்த பிறகு எனக்குத் தகவல் சொல்லுங்கள். பெயர் தெரியாத பதினான்கு பேரில் யாரையாவது அடையாளம் தெரிந்தால் படத்தின் பின்னால் எழுதுங்கள். பென்சில் அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.